அழகுநாச்சி தும்மின தும்மல்

ஒரு ஊர்ல ஒரு உழவர் சந்தை. அன்னிக்கு அங்க வாங்க வந்தவங்க பதினொரு பேர், விக்க வந்தவங்க நாலு பேர், விசிலோட ஒரு காவல்காரர், ஒரு ஆடு. மொத்தம் பதினேழு. ஆட்டை எண்ணாம விடக்கூடாது, பாதி வேலை அதுதான் பண்ணுச்சு. ம் சொல்லு.

அப்போ கொரோனா காலம். ஊரே மூக்கைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சுது. பதினொருத்தர்ல ஒருத்திதான் அழகுநாச்சி. அவ மக செவந்திக்கு மசக்கை. மூணு நாளா எதைத் தின்னாலும் உவ்வேக். "அம்மா, புளிப்பு மாங்கா இருந்தா தின்பேன்"னு சொல்லிட்டா. சந்தையில ஒச்சப்பன்கிட்ட மட்டும்தான் மாங்கா. ஒம்பது மணிக்கு நீள விசில் அடிச்சா சந்தை மூடிடும்.

தரையில சுண்ணாம்பால பதினொரு வட்டம். வெயில்ல யாரு நிப்பா? வட்டத்துல செருப்பை விட்டுட்டு எல்லாரும் வேப்பமர நிழலுக்குப் போயிட்டாங்க. செருப்பெல்லாம் ஆறடி தள்ளி நின்னுச்சு, ஆளுங்க ஒட்டி நின்னாங்க!

அழகுநாச்சிக்குக் கால் சுடும்னு பயம். மூணாவது வட்டத்துல மஞ்சப்பையை வெச்சா. விர்ர்ர்னு காத்து வந்து பையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. "அடையாளம் இல்லல்ல? கடைசிக்குப் போ"ன்னாங்க.

அப்புறம் கடைசி வட்டத்துல ஒரு கட்டு முருங்கைக்கீரையை வெச்சா. மொறுக் மொறுக்! ஆடு தின்னுடுச்சு.

"இனி நானே நிக்கிறேன்"னு வெயில்ல நின்னா. பக்கத்துல மொளகா வத்தல் மூட்டை. கீரை ருசி கண்ட ஆடு மூட்டையை ஒரு முட்டு முட்டுச்சு. தொப்! செக்கச்செவேல்னு பொடி கிளம்புச்சு. அவ மூக்கு துடிச்சுது. ஹ... ஹ... ஹ... அச்ச்ச்சூ!

மூக்குத்துணி பறந்துச்சு. பத்து பேரும் தடதடன்னு வேப்பமரத்துக்குப் பின்னாடி ஓடினாங்க. கடைக்காரங்க நாலு பேரும் காய் பரப்பின கட்டில் மேல ஏறிட்டாங்க.

"மொளகாய்ப்பா! சத்தியமா மொளகா!"

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க"ன்னு காவல்காரர் விசிலை வாயில வெச்சார். ஐயோ, அதை ஊதினா மாங்கா போச்சு! ம்?

அப்போ பை திருடின அதே காத்து, விர்ர்ர்! பொடியை வாரி எல்லார் மேலயும் இறைச்சுது. பீ... அச்சூ... பீ! காவல்காரர் விசிலோட தும்மினார். கட்டில் மேல நாலு அச்சூ. வேப்பமரத்தடியில பத்து அச்சூ. ஆடு கூட ப்ர்ர்ச்!

ஒச்சப்பன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "சார், கொரோனான்னு இத்தனை பேர் வீட்டு வாசலையும் அடைக்கத் தகரம் இருக்கா?"

காவல்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு விசிலைப் பைக்குள்ள போட்டார். வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல்: "தாயி, நீயே முதல்ல வாங்கிட்டுக் கிளம்பு. இன்னொரு தும்மலை எங்களால தாங்க முடியாது!"

அழகுநாச்சி அஞ்சு மாங்கா வாங்கி மடியில கட்டினா. வாசல்லயே ஆடு ஒண்ணைக் கவ்விட்டு ஓடிடுச்சு. போகட்டும், அதோட கூலி. வீட்டுல செவந்தி உப்பைத் தொட்டு நறுக் நறுக்னு மூணு தின்னா. அம்மாக்காரி மூச்சை அடக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தா. உவ்வேக் வரல! ஏவ்வ்னு ஒரு ஏப்பம்தான் வந்துச்சு.

கதை ஆச்சு, கண்ணு ரெண்டையும் மூடு. மிச்சம் மாங்கா ஒண்ணு.