கரிப் பாறைக்குள் ஒரு கூடம்

மலையின் வயிற்றில் கறுப்பாய் ஒரு பாறை அடுக்கு இருந்தது. நிலக்கரிதான். அதைக் குடைந்து ஒரு பெருச்சாளிக் கூட்டம் குடியிருந்தது. எந்த மழைக்கும் உள்ளே கதகதப்பு! கூரை விழாமல் இருக்க, அங்கங்கே கரியையே தூணாக விட்டுக் குடைவது அவற்றின் வழக்கம்.

தலைவன் பெயர் கொம்பையன். அவன் மனைவி முத்தாள் குட்டி போட்டிருந்தாள். இடம் போதவில்லை.

"தூணையெல்லாம் எடுத்துடுவோம். ஒரே பெரிய கூடம்! மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்" என்றான் கொம்பையன்.

"மலை தலையில உக்காந்தா? முதல்ல அழுங்கு அக்காவைக் கேளுங்க!" என்றாள் முத்தாள்.

உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்குக்கு மண்ணுக்கடியில் நடப்பது அத்துப்படி. கொம்பையன் போய்க் கேட்டதும் அவள் குளக்கரையில் சின்னதாய் ஒரு மலை செய்தாள். அடியில் கரிக்குப் பதில் குளத்துச் சேறு. அதில் தூண்களாகக் குச்சிகள். குச்சிகளின் மேல் களிமண், அதற்கும் மேல் மணல்.

குச்சிகளைப் பிடுங்கினாள். களிமண் தொய்ந்தது. மணலில் விரிசல் ஓடியது. சேற்றிலிருந்து குமிழிகள் எழுந்து சத்தமில்லாமல் உடைந்தன.

"ரெண்டு தூணை விட்டா?" என்றான் கொம்பையன்.

மறுபடி செய்து பார்த்தாள். "அப்பவும் விரியும்."

"சரி, மூணு!"

"இது என்ன சந்தையா? போய் மலைகிட்ட பேரம் பேசு!"

"கோவிச்சுக்காதே அக்கா! அஞ்சு விடறேன். மழை முடியற வரைக்கும் கூரை நிக்குமா? அதை மட்டும் சொல்லு!"

அழுங்குக்கு அலுத்துவிட்டது. "அஞ்சு விட்டா... கூரை நிக்கும்."

"அது போதும்!"

சேற்றில் குமிழி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தைத் தவிர மற்றத் தூண்கள் போயின. கூடம் பெரிதானது. தலைக்கு மேலே மலை பல்லைக் கடிப்பது போல் ஒரு சத்தம் சில நாள் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. கூரை நின்றது! முத்தாள் குட்டிகளை ஈரம் படாத மேல்திட்டில், கூரையை ஒட்டிப் படுக்க வைத்தாள்.

அந்தக் கூரையில் வௌவால்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் புகை போல வெளியே கிளம்பும். ஒருநாள் மாலை ஒன்றுகூட வரவில்லை. வெளியே இரை தேடிக்கொண்டிருந்த அழுங்கு அதைக் கவனித்தாள். வளை வாயில் தலையை விட்டுக் கத்தினாள்.

"கொம்பையா! வௌவால் எங்கே?"

"இங்கேதான் தொங்குதுங்க! சோம்பேறிக் கூட்டம்!"

"ஒண்ணைத் தொட்டுப் பாரு!"

ஏறித் தொட்டான். வௌவால் ஊஞ்சல் போல ஆடியது. உடம்பு சில்லென்றிருந்தது. செத்தும் நகம் பிடியை விடவில்லை. வரிசை வரிசையாக எல்லாம் அப்படியே தொங்கின. புகை இல்லை. நாற்றம் இல்லை. அவனுக்குத் தலை சுற்றியது. பக்கத்துத் திட்டில் குட்டிகள் ரொம்ப அமைதியாகத் தூங்கின.

"முத்தாள்! மூச்சைப் பிடிச்சுக்கோ! பிள்ளைங்களைத் தூக்கு!"

கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார்கள்; மற்ற பெருச்சாளிகளும் வெளியே ஓடி வந்தன. காற்றுப் பட்டதும் ஒன்று தும்மியது. ஒன்று முனகியது. கடைக்குட்டி மட்டும் அசையவில்லை. முத்தாள் அதை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"கூரை நிக்குதே அக்கா! நிக்குதே!" என்று அரற்றினான் கொம்பையன்.

"நிக்குது. பாறை அசைஞ்சதுல கரிக்குள்ள அடைஞ்சு கிடந்த வாயு கசிஞ்சுடுச்சு. அது லேசு, கூரையிலதான் தேங்கும். அந்தக் குமிழியைப் பத்தி நீ கேக்கலை. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலை."

உள்ளே பெரிய கூடம் அப்படியே நின்றது, யாரும் இல்லாமல்.

தனக்கு வசதியான கேள்வியை மட்டும் கேட்டுத் திருப்திப்படுகிறவனை, கேட்காமல் விட்ட கேள்விதான் வந்து பிடிக்கும்.