மேயர் காலில் அழுக்கில்லை

மிராந்தா மேயருக்கு எங்கே போனாலும் முதல் நாற்காலி வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மாதா கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்கிலும், முதல் நாற்காலியில் இருந்த மீன்காரரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார்.

“யாருக்காவது ஆட்சேபணை உண்டா லே?” என்று அதட்டினார்.

கோயிலில் மணியடிக்கும் தொம்மை குனிந்து அவர் காலைப் பார்த்தான். காரைவிட்டு இறங்காத கால், பளபளவென்று இருந்தது.

“நல்லா உக்காருங்கய்யா. ஆனா கழுவுறதுக்கு அழுக்கு வேணுமே! வெறுங்காலோட எங்க தெருவுல ஒரு நடை போயிட்டு வந்துருங்க.”

“அந்தச் சாக்கடையிலயா? கால் நாறிப்போகும்லே!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. அந்தத் தெருவில் சாக்கடையே இல்லையென்று நேற்றுதான் மேயர் மாமன்றத்தில் அடித்துப் பேசியிருந்தார்.

தொம்மை பணிவாகக் கைகாட்டினான். “செஞ்ச பாவத்த ஒத்துக்கிட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணுற இடம் அந்தப் பக்கம்யா.”