அசையாமல் பால் கொடுத்தவள்

பூரணத்தம்மாளின் மடத்தில் சுவர்களுக்குக் கூரையைத் தாங்குவது மட்டும்தான் வேலை. தியானத்தின்போது யாராவது சுவரில் சாய்ந்துவிட்டால், அம்மாள் அவரைக் கிணற்றடிக்கு அனுப்பி முகம் கழுவி வரச் சொல்வார். முதுகு நேராக இருக்க வேண்டும். வலித்தாலும் அசையக் கூடாது.

மற்றவர்கள் நெளிவார்கள். தில்லைநாயகி நெளிந்ததே இல்லை. ஒருமுறை கட்டெறும்பு கடித்துக் கால் வீங்கியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மாள் அதை எல்லோரிடமும் சொல்லிப் பாராட்டினார்.

அந்தத் தில்லைதான் ஒரு காலையில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கண்கள் குழி விழுந்திருந்தன. பிள்ளை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தான்.

"உட்காரு. என்ன ஆச்சு?"

"பால் குடிக்க மாட்டேங்கிறான்மா. வாயை வைக்கிறான், உடனே உதறிட்டு அழறான். பால் ஊறட்டும்னு பூண்டு தின்னாச்சு, சுறாப்புட்டு தின்னாச்சு, திருஷ்டி சுத்திப் போட்டாச்சு."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"எடை ஏறுது, பயப்படாதேன்னு சொல்றாங்க."

"அப்புறம் என்ன?"

தில்லை தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் நாத்தனார் தூக்கினா அழுகையை நிறுத்திடறான். என்கிட்ட வந்தா உடம்பை வளைச்சு என்னைத் தள்ளறான். அவனுக்கு என்னை வேண்டாம்மா. நாளைக்கு அவங்க ஊருக்குக் கிளம்பறாங்க. இவனையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். புட்டிப்பால் குடிச்சு அங்கேயே நிம்மதியா வளரட்டும்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. அம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"புட்டிப்பால் ஒண்ணும் விஷமில்லை. தேவைன்னா கொடு. இப்ப என் முன்னால ஒரு தடவை பால் கொடு, பார்க்கிறேன்."

அம்மாள் பிள்ளை பெற்றவரில்லை. பார்த்து அவருக்கு என்ன தெரியப் போகிறது என்று தில்லை நினைத்திருக்கலாம். ஆனால் குரு சொன்னால் செய்துதான் அவளுக்குப் பழக்கம்.

சம்மணமிட்டாள். முதுகை நிமிர்த்தினாள். கண்ணை மூடினாள். பிள்ளையை மடியில் கிடத்தி மாராப்பை விலக்கினாள். அவன் கழுத்தை நீட்டி எட்டி, காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு தொங்கினான். காம்பு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. தில்லையின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தோள்கள் மட்டும் கல்லாக இறுகின. பிள்ளை உதறிவிட்டு அலறினான்.

"வலிக்கலையா?"

"உயிர் போகுதும்மா."

"வீட்டில யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"ஏன்?"

"நீங்கதானேம்மா சொல்லிக் கொடுத்தீங்க. வலிச்சா அதைப் பார்த்துக்கிட்டே இரு, அசையாதேன்னு."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து தில்லைக்குப் பின்னால், முதுகோடு முதுகு ஒட்ட உட்கார்ந்தார்.

"சாய்."

"அம்மா! உங்க மேலயா?"

குருவுக்கு முதுகு காட்டுவதே அந்த மடத்தில் வழக்கமில்லை. விடைபெறுகிறவர்கள்கூடப் பின்பக்கமாகவே நடந்துபோய் நிலைப்படியில் இடித்துக்கொள்வார்கள்.

"சாய்னு சொன்னேன்."

தில்லை பட்டும் படாமலும் சாய்ந்தாள்.

"இன்னும். பாரம் முழுசையும் போடு. நான் ஒண்ணும் ஒடிஞ்சிட மாட்டேன்."

தில்லை முழுசாகச் சாய்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். பிள்ளையும் அவளோடு போட்டி போட்டு அழுதான். அம்மாள் இருவரையும் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபோது பிள்ளை அவள் வயிற்றின் மேல் குப்புறக் கிடந்தான். அவள் எதுவும் செய்யவில்லை. அவனே தலையைத் தூக்கினான், முட்டினான், கன்னத்தால் தேடினான். வாயை அகலத் திறந்து கவ்வினான். நழுவவிட்டான். திரும்பவும் முட்டினான். கொஞ்ச நேரத்தில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"வலி?"

"இருக்கும்மா. முன்ன மாதிரி இல்லை."

"போற வழியில ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட அந்தப் புண்ணைக் காட்டு. எப்படி உட்கார்ந்து கொடுக்கிறேன்னும் காட்டு."

"சரிம்மா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பிள்ளை வாயை எடுத்துவிட்டுச் சிணுங்கினான். உதைத்தான். உடம்பை வில்லாக வளைத்தான்.

"பார்த்தீங்களாம்மா? மறுபடியும் என்னைத் தள்ளறான்."

அம்மாளுக்கு வயதான முதுகு. லேசாக நெளிந்தார். அவர் நெளிந்து அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"தில்லை, எனக்கு முதுகு வலிக்குது."

தில்லை பதறிப்போய் விலகப் பார்த்தாள். அம்மாள் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதுன்னுதானே சொன்னேன். போன்னு சொன்னேனா?"