ராஜா பொம்மை ஏறாத ரயில்

ரயில் என்றால் ஜனங்கள் சாப்பாட்டுக் கையோடு எழுந்தோடி வேடிக்கை பார்த்த காலத்தில், மூங்கில்மலை என்ற நாட்டைச் செங்கோடராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒன்று மனசில் பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். அந்த வருஷம் அவனுக்குப் பிடித்தது பொம்மை ரயில்.

பக்கத்து ஆற்றூர் ராஜா, தன் நாட்டில் ஓடும் ரயிலை அப்படியே சின்னதாக்கிப் பரிசாக அனுப்பியிருந்தான். நிஜத்தில் ஒரு முழம் என்றால் பொம்மையில் அரை விரல் அகலம், அந்தக் கணக்கு. நம்ம ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தச்சர்களைக் கூப்பிட்டு, அதே கணக்கில் தன் தலைநகரத்தையே சபை மண்டபத் தரையில் செய்யச் சொன்னான். கோயில், குளம், அரண்மனை, வண்டிக்காரத் தெரு எல்லாம் கணுக்கால் உயரத்தில் எழும்பிவிட்டது. நடுவே பொம்மைத் தண்டவாளம்.

அதோடு விட்டானா? நிஜ ரயிலே விடுவது என்று முடிவு கட்டினான். மலைநாடு, வளைவு ஜாஸ்தி. அதனால் ஆற்றூர் ரயிலைவிட ஒடுக்கமான தண்டவாளம்தான் சரிப்படும் என்றார்கள். வேலை, அரண்மனைப் பெரிய அதிகாரியான பேஷ்கார் வைகுந்தநாதர் கைக்குப் போனது. அவர் முதலில் அந்த ஒடுக்க ரயிலுக்கும் ஒரு பொம்மை செய்து வரவழைத்தார். மண்டபத்துத் தண்டவாளத்தில் வைத்தால், அட, சக்கரம் கச்சிதமாக உட்கார்ந்தது! ஓடவும் ஓடியது. சபையே கைதட்டியது. வண்டிக்காரத் தெருத் திருப்பத்தில் மட்டும் இரண்டு பக்கச் சுவரிலும் இடித்து நின்றுவிட்டது.

"பார்த்தீர்களா மகாராஜா? தெரு குறுகல். அந்த நாற்பத்திரண்டு வீட்டையும் இடித்தால்தான் ரயில் வரும்" என்றார் பேஷ்கார்.

"இடித்துவிடுங்கள்" என்றான் ராஜா. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான், பாவி.

ராஜாவுக்குக் கோட்டு அளவெடுக்க வந்திருந்த அரண்மனைத் தையல்காரர் சேகு மீரான் காதிலும் அது விழுந்தது. அவர் வீடும் அந்தத் தெருவில்தான். பெண்டாட்டி நிறைமாதம். மீரான் குனிந்து பொம்மை ரயிலின் படியைப் பார்த்தார், தெருவில் ஒரு வீட்டு வாசற்படியைப் பார்த்தார்.

"மகாராஜா, இடிக்கிறது நாளைக்கு மறுநாள் ஆகட்டும். நாளைக்கு உங்களை அந்த ரயிலில் ஏற்றிப் பார்க்கணும்னு எனக்கு ஒரு ஆசை."

அளவெடுக்கும் சாக்கில் இந்த ஆள் ராஜாவோடு சிரித்துப் பேசுவது பேஷ்காருக்கு எப்போதுமே பிடிக்காது. "கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்கு ரயில் என்ன தெரியும்?" என்றார். ராஜாவோ, "ஏற்றிப் பாரேன்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் மீரான் துணியில் ஒரு ராஜா பொம்மை கொண்டுவந்தார். மீசை, தலைப்பாகை எல்லாம் உண்டு. ரயில் பக்கத்தில் நிறுத்தினார். ஐயோ பாவம், படியே ராஜாவின் இடுப்புக்கு இருந்தது!

"மகாராஜாவைக் குள்ளனாக்கிவிட்டான்! எவ்வளவு திமிர்!" என்று பேஷ்கார் குதித்தார்.

"உங்க உயரம் நாலு முழம். முழத்துக்கு அரை விரலா ரெண்டு விரல் வச்சுத் தைச்சேன்" என்று ராஜாவைப் பார்த்துச் சொன்ன மீரான், பொம்மையை அரண்மனை வாசலில் நிறுத்தினார். அளவெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் மடியிலிருந்து இரட்டிப்பு உயரத்தில் இன்னொரு ராஜாவை எடுத்தார். இவர் ரயிலில் ஜம்மென்று ஏறினார். ஆனால் சொந்த அரண்மனைக்குள் நுழையத் தவழ வேண்டியிருந்தது.

ராஜா சிரிக்கவில்லை. "இதில் நான் யார், மீரான்?"

"ஊர் நம்மளுதுன்னா சின்னவர். இந்த ரயில் நம்மளுதுன்னா பெரியவர். ரெண்டு பேரும் ஒரே ஊரில் குடியிருக்க முடியாது, மகாராஜா."

"அதெப்படி? சக்கரம் இம்மி பிசகாமல் உட்கார்ந்ததே!" என்றார் பேஷ்கார்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன் ஐயா. ஆற்றூர் ரயிலுக்குத் தண்டவாள இடைவெளி எவ்வளவு?"

"நாலு முழம்."

"முழத்துக்கு அரை விரலானா, பொம்மையில் ரெண்டு விரல். சரியா இருக்கு. நம்ம ரயிலுக்கு?"

"இரண்டு முழம்."

"அதே கணக்கில் பொம்மைக்கு?"

பேஷ்கார் விரலை மடக்கினார். "ஒரு விரல்..." என்று சொல்லி, மறுபடியும் மடக்கிப் பார்த்தார்.

"அப்போ அது இந்தத் தண்டவாளத்தில் உட்காரவே கூடாதே ஐயா! உட்கார்ந்ததுதான் தப்பு. செஞ்சவங்க முழத்துக்கு முழு விரல் வச்சுட்டாங்க. அதான் ரயில் ரெண்டு மடங்கு பெருசாகிச் சுவரில் இடிச்சது."

ராஜா தலையைச் சொறிந்தான். "எனக்குப் புரிகிற மாதிரி சொல்."

"ஒல்லியா நெட்டையா ஒருத்தர், குட்டையா குண்டா ஒருத்தர். கழுத்துச் சுற்றளவு மட்டும் ஒண்ணு. ஒரே சட்டையில் ரெண்டு பேருக்கும் கழுத்துப் பொத்தான் பூட்டும். அதனால் சட்டை ரெண்டு பேருக்கும் சேர்ந்துடுமா? தண்டவாளம் கழுத்து மாதிரி. முழத்துக்கு எத்தனை விரல்ங்கிறதுதான் முழுச் சட்டை."

பிறகு ஒரு விரல் இடைவெளிக்குச் சக்கரம் ஒட்டிய அட்டை ரயிலை எடுத்துத் தெருவில் தள்ளினார். எந்தச் சுவரையும் தொடாமல் போனது. பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி போகவும் இடம் இருந்தது.

ராஜா அந்த அட்டை ரயிலைக் கையில் எடுத்துப் பார்த்தான். "நானும்தானே கைதட்டினேன்" என்றான். அவனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இடிப்பு உத்தரவைத் தன் கையாலேயே கிழித்தான். ரயில் வேலையில் எந்த அளவானாலும் மீரான் பார்த்த பிறகுதான் என்று சொல்லி, தன் தோள் சால்வையை அவருக்குப் போர்த்தினான்.

"பேஷ்காரே, வண்டிக்காரத் தெருவுக்கு நீர் எப்போதாவது போயிருக்கிறீரா?"

"இல்லை, மகாராஜா."

"போய், வீடு வீடாக உம் கையால் முழம் போட்டு அளந்து வாரும்."

பேஷ்கார் போனார். ஜரிகை அங்கவஸ்திரம் புழுதியில் புரள, தெருவெல்லாம் கூடி நின்று பார்க்க, முட்டி போட்டு அளந்துகொண்டே வந்தார். ஒரு வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். மீரானின் பெண்டாட்டி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வீடு. அதன் கூரையைப் பார்க்க மனுஷர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.