ஊதாத் தண்ணீர்

பொன்னுரங்கத்துக்கு அறுபது வயது. அவருடைய குரு மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறு. மண்ணைப் படித்தவர், பூச்சிமருந்து அடிக்காமல் வெள்ளாமை செய்ய ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். டீச்சர் பேச்சைக் கேட்டு ஒன்பது வருஷமாகப் பொன்னுரங்கம் மருந்துப் பக்கமே போகவில்லை. சாணமும் தழையும் போட்டுப் போட்டு அவர் தோட்டத்து மண் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது.

அன்று காலை டீச்சர் வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், நாளைக்கு ஜேசிபி வருதுங்க. மேல்மண்ணை ஒரு அடி வழிச்சு ஓடையில தள்ளிடப் போறேன்."

"எதுக்குங்ணா?"

கையிலிருந்த காகிதத்தை நீட்டினார். பரிசோதனை முடிவு. என்றைக்கோ அவர் அடித்த மருந்து இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறதாம்.

"மகளுக்கு ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இதைப் படிச்சதும் நம்ம தோட்டத்துக் கீரையைத் தட்டோட தள்ளி வெச்சுட்டா. நான் பறிச்சுக் கொடுத்த கீரைங்க."

டீச்சர் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"பக்கத்துத் தோட்டத்துக் குப்பணன் இன்னைக்கும் மருந்து அடிக்கிறான். அவன் மண்ணுல ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கு. டீக்கடையில எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிக்கிறான். விட்டவனுக்குத் தண்டனை, விடாதவனுக்குப் பரிசா? இது என்ன நியாயங்க?"

"ரெண்டு தோட்டத்துலயும் கொஞ்சம் மண் அள்ளிட்டு வாங்க."

கேட்டதற்கு இதுவா பதில் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். ஆனாலும் போனார். குப்பணன் தோட்டம் ஓடைக்கரையில் இருப்பது, வெறும் மணல்.

டீச்சர் அடியில் ஓட்டை போட்ட இரண்டு கொட்டாங்குச்சிகளை இரண்டு கண்ணாடி டம்ளர் மேல் வைத்தார். ஒன்றில் கறுப்பு மண், ஒன்றில் மணல். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் சில சொட்டைத் தண்ணீரில் கலந்து இரண்டிலும் ஊற்றினார்.

மணல் வழியாக ஊதா அப்படியே இறங்கியது. கறுப்பு மண் நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் சொட்டியது வெளிறின டீத்தண்ணி மாதிரி இருந்தது. ஊதா இல்லை.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். "நிறம் எங்கீங்க போச்சு?"

"மேலேயே இருக்கு. உங்க மக்குத்தழை அதைப் பிடிச்சு வெச்சுக்கிச்சு."

டீச்சர் மணல் கொட்டாங்குச்சியை மட்டும் ஒரு வாளி மேல் பிடித்து இன்னும் இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றினார். மணல் பளிச்சென்று வெளுத்தது.

"இப்ப இந்த மணலைப் பரிசோதனைக்கு அனுப்பினா?"

"ஒண்ணும் இல்லைன்னு வரும்."

"சரி. இந்தக் காகிதத்துல ரெண்டாவது தாளைப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. மகளும் பார்க்கவில்லை. முதல் தாளைப் படித்ததோடு இரண்டு பேரும் மடித்து வைத்துவிட்டார்கள். டீச்சர் புரட்டிக் காட்டினார். மண்ணோடு சேர்த்துக் கொடுத்திருந்த கீரைக்கும் தண்ணீருக்கும் அதில்தான் முடிவு இருந்தது. கீரையில்: இல்லை. கிணற்றுத் தண்ணீரில்: இல்லை.

பொன்னுரங்கம் அதை மூன்று தடவை படித்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, "வர வேண்டாம் சாமி" என்றார்.

"அப்ப மண்ணுல இருக்கிறது எப்பங்க போகும்?"

"மெதுவாத்தான். அது வரைக்கும் மண்ணுக்குத் தழை போட்டுக்கிட்டே இருங்க."

கிளம்பும்போது அவர் முகமே மாறியிருந்தது. வாசலில் நின்று திரும்பினார்.

"வீட்டுக்குப் போய் மககிட்டக் காட்டிட்டு, நேரா டீக்கடைக்குத்தான் போறேன். குப்பணன் இனி எப்படிச் சிரிக்கிறான்னு பாக்கறேன். அவன் மண்ணை மட்டுந்தான் கொடுத்தான். தண்ணியைக் கொடுக்கலைங்க."

"அவங்க வீட்டுல குடிக்கிறது எந்தத் தண்ணிங்ணா?"

"தோட்டத்துக் கிணத்துத் தண்ணிதான்..."

சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தார். மணல் வழியாக இறங்கிய ஊதாத் தண்ணீர் டம்ளரில் அப்படியே இருந்தது.

"பேத்தி ஒண்ணு இருக்குங்க அவனுக்கு" என்றார் மெதுவாக. "மூணு வயசு."

"டீக்கடை இருக்கட்டும். முதல்ல உங்க கிணத்துல ரெண்டு குடம் இறைச்சு அவங்க வீட்டுக்குக் கொண்டு போங்க."