குழாய் போகும் வழி

“படம் நேத்தே தயார். இன்னிக்கு வண்டியைச் சும்மா உருட்டினாப் போதும்” என்று தெருவில் ரேடார் வண்டியோடு வந்து நின்ற ஆள் போனில் சொன்னது, தன் கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த வள்ளியம்மையின் காதில் விழுந்தது.

சற்று நேரத்தில் கவுன்சிலர் மாசிலாமணி வந்தார். கடையிருந்த இடத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் அந்த வண்டி கடை முன்னால் உருண்டது. அதன் திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு.

“பாத்தியா, கீழே குடிநீர்க் குழாய் போகுது. இல்லேன்னு நிரூபி, இல்லாட்டிப் பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணு” என்று கவுன்சிலர் கடைக் கதவில் காலி செய்யும் நோட்டீஸை ஒட்டினார்.

வள்ளியம்மை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குழாய் மேல கடை போட்டது தப்புதாங்கய்யா. அது எங்க வரைக்கும் போகுதுன்னு பாத்துட்டா, எல்லாரையும் சேர்த்தே காலி பண்ணிரலாமே?”

கூடியிருந்தவர்கள் “சரிதானே” என்றார்கள். ரேடார்காரன் தயங்குவதற்குள் அவளே வண்டியை எதிர்ச்சாரிக்குத் தள்ளினாள். கவுன்சிலரின் புது மாடிவீட்டு வாசலில் அதே வளைவு. கார் நிற்கும் இடத்திலும் அதே வளைவு.

“ஐயா, உங்க வீட்டுக்கடியிலயும் குழாய் போகுதே! முதல்ல எதை இடிக்கலாம்?”

தெருவே சிரித்தது. கவுன்சிலர் விறுவிறுவென்று கடைக்கு நடந்துபோய், கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தெடுத்தார்.