தலையாட்டிய செவலை

மலையடிவாரத்து மடத்தில் மாலை வழிபாட்டுக்குப் பாடுகிறவர் மருதப்பர். ஒரு காலத்தில் நாடக மேடையில் பாடி ஊர் ஊராகப் போனவர். தொண்டை தேய்ந்து, கேட்க ஆளில்லாமல் போன பிறகு வடிவம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். வடிவம்மை அவரைவிட இளையவர். அதனால் குருவே சீடரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

ஆடியில் குரு யாத்திரை கிளம்பிப் போனார். அந்த மாதம்தான் மடத்து நாய் செவலை, மருதப்பர் பாடும்போது முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்ட ஆரம்பித்தது. நாய்கூடத் தலையாட்டி ரசிக்கிறதே என்று யாரோ சொல்லப்போக, அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. செவலையின் கழுத்தில் மாலை விழுந்தது. மருதப்பருக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், எத்தனை வருடம் கழித்து ஒரு ரசிகன்.

ஐப்பசியில் குரு திரும்பி வந்த அன்று செவலை பாட்டுக்கு வரவில்லை. சமையற்கட்டின் பின்னால் சுருண்டு கிடந்தது. கூட்டம் காத்திருக்கிறதே என்று மருதப்பர் அதைக் கழுத்தோடு சேர்த்துத் தூக்கப் போனார். அது அலறிக்கொண்டு கடிக்கப் பாய்ந்தது.

குருவிடம் வந்து நின்றார்.

"என் பாட்டுல உருகின ஜீவன் அம்மா. என்னையே கடிக்க வருது. நான் என்ன பிழை செஞ்சேன்?"

குரு செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்து அடங்க வைத்து, காது மடலை மெல்லப் புரட்டினார்.

"மோந்து பாருங்க, ஐயா."

குனிந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகல் வாடை. உள்ளே சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"பாடும்போது மட்டும்தான் தலையாட்டுமா?"

யோசித்தார். சாப்பிடும்போதும் ஆட்டியது. தூக்கத்தில் எழுந்துகூட ஆட்டியது. பின்னங்காலால் காதைப் பிறாண்டியது, சுவரில் தேய்த்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாட்டின் நினைப்பில் ஆட்டுகிறது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார்.

பதறிப்போய், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதற்காக அடுப்படிக்கு ஓடினார். குரு தடுத்துவிட்டார். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாமல் காதில் எதையும் ஊற்றக் கூடாது என்றார். செவலையின் வாயைத் துணியால் கட்டி, அப்போதே ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள்.

கால்நடை மருத்துவர் இரண்டு காதையும் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். தலையாட்ட ஆரம்பித்தபோதே கொண்டுவந்திருந்தால் எளிதில் தீர்ந்திருக்கும் என்றார். இனி வலி அடங்கும், காது கேட்பது மட்டும் சந்தேகம் என்றார்.

மறுநாள் மாலை வழக்கம்போல் கூட்டம் வந்தது. செவலை குருவின் பக்கத்தில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மருதப்பர் வாயைத் திறந்தார். அடக்கமாட்டாமல் அழுதார்.

"நான் பாடினா இனிமே இதுக்குக் கேட்கவே கேட்காதா, அம்மா?"

குரு செவலையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடியிலேருந்து அது சொல்லிக்கிட்டே இருந்துச்சே. உங்களுக்குக் கேட்டுச்சா, ஐயா?"